இணையத்தில் இலவச அறிமுகப் பாடங்கள்: தொடங்குவதும் முடிப்பதும்



என் ஊர் தாசேக் கெலுகோர். 2001-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்தபோது, விடுதித் தோழர்கள் என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "அடுத்த தெருதானே, ஏன் விடுதியில் தங்கினாய்?" என்று கேட்பார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் கெலுகோர் பினாங்குத் தீவில் உள்ளது. எங்கள் தாசேக் கெலுகோர் கடலுக்கு இப்பால், வட செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். பட்டர்வொர்த் வரை ஒரு பேருந்து, பிறகு பெர்ரி, அதன்பின் இன்னொரு பேருந்து. அந்தத் தூரத்தை நான் கடந்தேன். என்னைவிட நன்றாகப் படித்த என் தங்கை கடக்கவில்லை. அவள் படிவம் 5 முடித்த ஆண்டில் அப்பா நோயில் விழுந்தார். மறுமாதமே அவள் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கலை, மொழி, சமூகவியல் துறைகளில் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அறிமுகப் பாடங்களைப் பற்றி இம்மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் அவள்தான். ஆகவே பாடங்களின் பட்டியலோடு அவள் கதையும் இதில் கலந்து வரும். பொறுத்தருள்க.

முதல் அனுபவம்

தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் எழுந்த எண்ணம் ஈராண்டுகளில் செயல்வடிவம் பெற்றது. உலகெங்கும் வாழும் தமிழர்களுக்கு மொழியும் இலக்கியமும் பண்பாடும் கற்பிப்பது அதன் நோக்கம். மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரையிலான பாடங்கள் அதில் இடம்பெற்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறக் கட்டணம் உண்டு; பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. பிற்காலத்தில் இந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது.

நான் அறிவியல் மாணவன். இலக்கிய வரலாறு படிக்க ஆசை இருந்தும், வேலை கிடைக்குமா என்ற அச்சத்தில் வேதியியலைத் தேர்ந்தவன். 2002-இல் ஒரு விடுமுறையின்போது, எங்கள் ஊருக்கு அருகிலிருந்த கணினிக் கடை ஒன்றில், என் தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தைத் திறந்தேன். திரை முழுவதும் கட்டங்களும் புரியாத குறிகளுமாக வந்தது. அந்நாளில் தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கிக் கணினியில் பொருத்தினால்தான் தமிழ் தெரியும். கடைக்காரர் இரக்கப்பட்டுப் பொருத்திக் கொடுத்தார். பிறகு பாடம் தெரிந்தது.

ஒவ்வொரு பாடமும், 'இந்தப் பாடம் என்ன சொல்கிறது?', 'இதைப் படிப்பதால் என்ன பயன் பெறலாம்?' என்ற இரு கேள்விகளோடு தொடங்கியது. இடையிடையே 'தன்மதிப்பீடு' என்று சில வினாக்கள் இருந்தன. நான் அவற்றைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். என் தங்கையோ, "நில்லுண்ணே, கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போவோம்" என்பாள். இதன் பொருள் எனக்கு விளங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இப்பாடங்கள் எப்படி வந்தன?

இலவசத் தொலைதூரக் கல்வி திடீரென முளைத்தது அன்று. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது 1971-இல். நம் அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே இருப்போருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியதும் அதே 1971-இல்தான். வேலை செய்துகொண்டே பட்டம் பெற்ற ஆசிரியர்கள் பலரை நம் வட்டாரத்தில் இன்றும் காணலாம். ஆனால், அவை கட்டணம் செலுத்திச் சேரும் படிப்புகள்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடக் குறிப்புகளை யாவரும் காணும்படி இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்னரே தொடங்கிவிட்டது என்பதை நாம் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம். 2006 அக்டோபரில் பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 'ஓப்பன் லேர்ன்' என்ற பெயரில் தன் பாடங்களில் ஒரு பகுதியை இலவசமாக்கியது. 2007 டிசம்பரில் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகளைப் படம்பிடித்து அப்படியே வெளியிட்டது. 2012-இல் கோர்செரா, எடெக்ஸ் ஆகியவை வந்தன. 2014-இல் நம் நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களும் 'ஓப்பன் லேர்னிங்' தளத்தின்வழி திறந்த இணையப் பாடங்களைத் தொடங்கின. முதலில் வந்த நான்கனுள் இரண்டு, நாம் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே படித்த கட்டாயப் பாடங்கள்: 'தித்தாஸ்' என்ற நாகரிகப் பாடமும், 'ஹுபுங்கான் எத்னிக்' என்ற இன உறவுப் பாடமும். பிறகு பாடத்திட்டமே மாறி, அவற்றின் இடத்தில் அறநெறி, தத்துவம், நடப்பு விவகாரங்கள் சார்ந்த பாடங்கள் வந்துவிட்டன.

மூன்று வகைகள்

இப்பாடங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தேர்ந்தெடுப்பது எளிது.

முதலாவது, படிக்கும் பாடம். தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஓப்பன் லேர்னும் இவ்வகை. பாடம் எழுத்தில் இருக்கும். விரைவாகவும் படிக்கலாம், மெதுவாகவும் படிக்கலாம். இணைய வேகம் குறைந்த இடத்திலும் திறக்கும். ஓப்பன் லேர்னில் பிரெஞ்சு, ஸ்பானியம், சீனம் முதலிய மொழிகளின் தொடக்கப் பாடங்களும், சமூகவியல், வரலாறு, தத்துவப் பாடங்களும் உள்ளன. பாடத்தை முடித்தவருக்குப் 'பங்கேற்றார்' என்று ஒரு சான்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, கேட்கும் பாடம். யேல் பல்கலைக்கழகத்தின் விரிவுரைகள் இவ்வகை. பேராசிரியர் பால் புளூமின் உளவியல் அறிமுகப் பாடம் 2007-இல் படமாக்கப்பட்டது. மொத்தம் 20 விரிவுரைகள். அரசியல் தத்துவம், இலக்கியக் கோட்பாடு, வரலாறு ஆகியவற்றிலும் இத்தகைய பாடங்கள் உண்டு. பேராசிரியர் பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைப்பதால், ஆங்கில உச்சரிப்புப் புரியாதவர்கள் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதில் பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை.

மூன்றாவது, கால அட்டவணையோடு கூடிய பாடம். கோர்செரா, எடெக்ஸ், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடங்கள் இவ்வகை. வாரம் இவ்வளவு என்று வகுத்திருப்பார்கள். சிறு தேர்வுகளும் இருக்கும். சான்றிதழ் வேண்டுமானால் பல பாடங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். இலவசமாகத் திறக்கும் பகுதி எவ்வளவு என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபடும். ஆகவே, தொடங்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த ஒருவர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பாடம் படிக்க வல்லவர். நாகரிக வரலாற்றை மலாயில் படித்து, அதே காலத்துத் தமிழக வரலாற்றைத் தமிழில் படித்து, இரண்டையும் ஆங்கில விரிவுரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலகில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்பு இருக்கிறது?

ஏழு இணைப்புகள்

2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது நான் தீவில் இருந்தேன். தங்கை அம்மாவோடு தாசேக் கெலுகோரில் இருந்தாள். "சும்மா இருக்கும்போது ஏதாவது படிக்கலாம்னு இருக்குண்ணே" என்று தொலைபேசியில் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. அன்றிரவே தேடித் தேடி ஏழு பாடங்களின் இணைப்புகளை அவளுக்கு அனுப்பினேன். உளவியல், சமூகவியல், உலக வரலாறு, தொடக்கச் சீனம், தமிழ் இலக்கிய வரலாறு என்று என் ஆசையையெல்லாம் அதில் கொட்டியிருந்தேன். அனுப்பியதும் ஒரு கடமை முடிந்ததுபோல் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறு ஆண்டு ஊர் திரும்பியபோது எதை முடித்தாள் என்று கேட்டேன். ஒன்றையும் முடிக்கவில்லை.

"நீ அனுப்பின அன்னிக்கே ஏழையும் தொறந்து பாத்தேண்ணே. அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் விட்டுட்டேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. 2002-இல் பள்ளியை விட்டு வந்தபோதும் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் விடுதியில் இருந்தேன்.

எண்கள் சொல்வது என்ன?

என் தங்கை மட்டும் அப்படியில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012-இலும் 2013-இலும் நடத்திய தங்கள் முதல் 17 இணையப் பாடங்களைப் பற்றி 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பதிவுகள் 8,41,687. அவற்றுள் 2,92,852 பதிவுகளில் பாடப்பகுதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் முடிந்தவை 43,196. அதாவது ஏறத்தாழ 5 விழுக்காடு.

இதைப் பார்த்து இப்பாடங்கள் பயனற்றவை என்று முடிவு கட்டுதல் கூடாது. ஒரு பகுதியை மட்டும் படித்துப் பயன் பெற்றவர்களும் உண்டு. ஆனால் ஓர் உண்மை தெளிவாகிறது. கட்டணத்தை எடுத்துவிட்டால் கதவு திறக்கிறது. உள்ளே போய் உட்கார வைக்க வேறு ஏதோ தேவைப்படுகிறது. வளாகத்தில் நமக்கு அந்த வேறு ஏதோ கேட்காமலேயே கிடைத்தது. எட்டு மணி வகுப்பு, பக்கத்து இருக்கைத் தோழன், ஒப்படைக்க வேண்டிய நாள், "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்கும் விரிவுரையாளர். பல்கலைக்கழகம் நமக்குத் தந்தவற்றுள் இவையும் அடங்கும் என்பதை அன்று நாம் உணரவில்லை.

சனிக்கிழமைகள்

அதன்பின் ஏழு பாடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தோம். அவள் உளவியலைத் தேர்ந்தாள். வாரம் ஒரு விரிவுரை. வாரநாள்களில் வேலை முடிந்து அவள் பார்த்து வைப்பாள். நானும் தீவில் பார்த்து வைப்பேன். சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறித் தாசேக் கெலுகோரில் இறங்குவேன். அம்மா தேநீர் கலக்குவார். கணினியை மூடி வைத்துவிட்டு, "இந்த வாரம் என்ன சொன்னார்?" என்று கேட்பேன். என் வேலை அவ்வளவுதான். அவள் தமிழில் சொல்ல வேண்டும்.

நான்காவது விரிவுரை ஸ்கின்னரைப் பற்றியது. பாவ்லோவும் அதில் வருகிறார். உணவோடு சேர்த்து ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு உணவு இல்லாமலே அவ்வொலிக்கு எச்சில் ஊறுகிறது. இதை ஆக்கநிலையுறுத்தல் என்கிறோம். என் தங்கை நாயை விட்டுவிட்டுப் பாட்டிக்குத் தாவினாள்.

"பாட்டி தோட்டத்த விட்டு வந்து பத்து வருஷம் ஆயிருச்சு. பெரட்டு இல்ல, மரம் வெட்டப் போறதில்ல. ஆனா விடியக்காலையில கோயில் மணி அடிச்சா தூக்கிவாரிப்போட்டு எழுந்திருக்கும், வாளியத் தேடும். ஞாபகம் இருக்காண்ணே? அது பெரட்டு மணி இல்ல, வேற மணி. ஆனாலும் எழுந்துச்சு."

ஒரு தூண்டலுக்குப் பழகியவர் அதை ஒத்த வேறொரு தூண்டலுக்கும் அதேபோல் நடந்துகொள்வதை உளவியலில் பொதுமைப்படுத்தல் என்பார்கள். சொல் தெரியாமலே அவள் அதைப் பிடித்துவிட்டாள். பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். மணி கேட்டுத் திடுக்கிட்டு விழிப்பது பாவ்லோவின் கணக்கு. எழுந்து வாளி தேடுவதும் அதே கணக்கா? பெரட்டுக்குத் தாமதமானால் அன்றைய கூலி போய்விடும். நேரத்துக்குப் போனால் கூலி உண்டு. விளைவால் பழகிய செயல் என்றால் அது ஸ்கின்னரின் கணக்கல்லவா? இருவரும் கணினியைத் திறந்து அந்த விரிவுரையை மறுபடியும் பார்த்தோம். விழிப்பு ஒருவர் பக்கம், வாளி இன்னொருவர் பக்கம் என்று சமரசம் செய்துகொண்டோம். அம்மா மட்டும், "கூலிக்காக இல்லடா, கிராணி ஏசுவாருன்னு பயம்" என்றார். அதுவும் ஸ்கின்னர் பக்கமே சேரும்; ஏச்சைத் தவிர்ப்பதும் ஒரு பலன்தானே.

பாட்டியின் அந்தப் பழக்கத்தைப் பார்த்து நாங்கள் சிறுவயதில் சிரித்திருக்கிறோம். அன்று சிரிக்கவில்லை. ஓர் அறிமுகப் பாடத்தின் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டில் நடந்ததைக் கேள்வியாக மாற்றிக் கேட்க அது கற்றுத் தருகிறது.

மூடி வைத்துச் சொல்வதன் பயன்

பாடத்தைப் பார்த்தபடி படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்வது மேலானது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிலர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது சுமார் 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 விழுக்காடு.

தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் குறிப்பைப் புரட்டிய என் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும். "கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போவோம்" என்று 2002-இல் என் தங்கை சொன்னதும் இதைத்தான்.

தொடங்க நினைப்போர்க்குச் சில குறிப்புகள்

1. ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது பாடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்; முதலாவது முடியும்வரை திறக்க வேண்டாம்.

2. பாடம் மொத்தம் எத்தனை பகுதி என்று எண்ணுங்கள். 20 விரிவுரை என்றால், வாரம் ஒன்றாக ஐந்து மாதம். தீபாவளி, தேர்வு, வீட்டு விசேஷம் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் பகுதியை எந்த மொழியில் படித்தாலும், சுருக்கத்தை உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுத முடியவில்லை என்றால், பெரும்பாலும் அது இன்னும் விளங்கவில்லை என்றே பொருள்.

4. ஒவ்வொரு பகுதிக்கும் உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தேடுங்கள். பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் பொருந்தவில்லை என்று எழுதுங்கள்.

5. சான்றிதழ் எதற்கு என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். வேலைக்கோ படிப்புக்கோ தேவையில்லை என்றால், அந்தப் பணத்தில் அத்துறையில் ஒரு நல்ல நூலை வாங்கலாம்.

6. உங்களை வாரம் ஒருமுறை கேள்வி கேட்க ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு அந்தத் துறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், ஆறாவதைக் கடைப்பிடியுங்கள் என்பேன்.

நிறைவாக

20 விரிவுரைகளை முடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. நான்கு சனிக்கிழமை நான் போகவில்லை. மூன்று சனிக்கிழமை அவளுக்குக் கூடுதல் நேர வேலை. ஆனாலும் முடித்தோம். கையில் இருந்தது கோடிட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. பிறகு அவள் தானாகவே ஓப்பன் லேர்னில் ஒரு சமூகவியல் பாடத்தையும் முடித்துச் சான்று பெற்றாள்.

நம் நாட்டில் 'ஏப்பல்' என்றொரு வழி இருப்பதைப் பலர் அறியார். வேலை அனுபவத்தையும் தானாகக் கற்றதையும் கணக்கில் எடுத்து, முறையான முன்தகுதி இல்லாதவருக்கும் உயர்கல்விக்கு வழிவிடும் ஏற்பாடு அது. பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் 21 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். திறன் தேர்வு எழுத வேண்டும். தான் கற்றதற்கும் செய்ததற்கும் சான்றுகளைத் தொகுத்து ஒப்படைக்க வேண்டும். என் தங்கை தன் பணிச் சான்றுகளோடு ஓப்பன் லேர்ன் சான்றையும் இணைத்தாள். "நோட்டுப் புத்தகத்த வைக்கலாமாண்ணே, சிரிப்பாங்களா?" என்று தயங்கினாள். வை என்றேன். பாட்டியின் வாளியும் அதில் இருந்தது.

அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் உளவியல் படிக்கிறாள். பருவத்துக்குப் பருவம் கட்டணம் கட்டுகிறாள். இந்தப் படிப்பு இலவசம் அன்று. ஆனால் கட்டணம் கட்டத் துணியுமளவுக்கு அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை வந்தது, இலவசமாகப் படித்த பாடத்தை முடித்ததனால்தான்.

இம்மலரைப் படிக்கும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும், படிவம் 5-இலேயே நின்றுபோன ஓர் அக்காவோ தம்பியோ மாமன் மகளோ இருக்கக்கூடும். அவர்களுக்கு இணைப்பை அனுப்புங்கள், அனுப்புவது நல்லதுதான். அனுப்பிய பிறகு அடுத்த வாரம், "என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். அதற்கு அடுத்த வாரமும் கேளுங்கள்.